கரும்பா, பிரம்பா?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த நரம்பியல் டாக்டர்கள் 2005-ல் ஒரு விநோதமான கட்டுரையை வெளியிட்டார்கள். 11 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. எல்லோருக்கும் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். ஆனால் டாக்டர்கள் எழுதியது நடுக்கத்தைப் பற்றி அல்ல. அந்த 11 பேரையும் சூதாட்டப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதுவரை சூதாட்ட விடுதிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள்.

11 பேருக்கும் பொதுவாக இருந்தது மாத்திரைதான். டோபமின் என்ற ரசாயனம் மூளையில் செய்ய வேண்டிய வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும் ரகம். 9 பேர் சாப்பிட்டது பிராமிபெக்ஸால். மாத்திரையை நிறுத்தியபோது வெறியும் தணிந்தது. இது ஏதோ பத்துப் பேருக்கு நேர்ந்த விபத்து என்று ஒதுக்கவும் முடியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. இந்த ரக மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டுக்கடங்காத வெறி இருந்தது. சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அளவில்லாத தீனி, அடக்க முடியாத காமம் என்று பட்டியல் போகிறது. அந்த மாத்திரை சாப்பிடாதவர்களில் இப்படிப்பட்டவர்கள் 6.9 சதவீதம்தான்.

நடுக்கத்துக்குத் தரும் மாத்திரைக்கும் சீட்டாட்ட மேஜைக்கும் என்ன சம்பந்தம்? சூதாடுகிறவன் தோற்கிறான். தோற்றால் வலிக்க வேண்டும். வலித்தால் அடுத்த முறை கை பின்வாங்க வேண்டும். உலகத்தில் எல்லா உயிர்களும் கற்றுக்கொள்வது இப்படித்தான். இவர்களுக்கு மட்டும் வலி எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், பரிசையும் தண்டனையையும் மூளை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதையே புரட்டிப்போட்டது. ஆசிரியர், அப்பா, ஆபீஸ் மேலதிகாரி, சர்க்கஸ் மாஸ்டர் எல்லோரும் பரம்பரையாக நம்பி வந்தது ஒரே தராசு: ஒரு தட்டில் கரும்பு, இன்னொரு தட்டில் பிரம்பு. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. மூளையில் அப்படிப்பட்ட தராசு இல்லை.

கதை 1954-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆரம்பிக்கிறது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி லேசாக மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஓர் எலிக்குக் கம்பி குறி தவறி வேறு இடத்தில் இறங்கிவிட்டது. அந்த எலி மின்சாரம் கிடைத்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றது. பிறகு எலியே அழுத்திக்கொள்ளும்படி ஒரு நெம்பியைப் பொருத்தினார்கள். அது ஓயாமல் அழுத்தியது. பின்னர் நடந்த சோதனைகளில் சில எலிகள் சோறு தண்ணீரை மறந்து மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தின. இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த மையத்தோடு தொடர்புள்ள ரசாயனம் டோபமின் என்று தெரியவந்ததும் அதற்கு ‘இன்ப ரசாயனம்’ என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. இன்றுவரை அந்தப் பட்டம் போகவில்லை. தப்பான பட்டம்.

தப்பு என்று காட்டியது சில துளிப் பழரசம். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி குரங்குகளின் நடுமூளையில் டோபமின் செல்களின் துடிப்பை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் செல்கள் மனிதனுக்குக்கூடச் சில லட்சம்தான் உண்டு. மூளையில் உள்ள மொத்த நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. இந்தச் சிறுபான்மையின் குரல் மூளையின் பல பகுதிகளுக்கும் எட்டுகிறது. சும்மா இருக்கும்போது ஒவ்வொரு செல்லும் நொடிக்கு ஐந்து தடவை போலத் துடித்துக்கொண்டிருக்கும்.

குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு துளி பழரசம் விழுந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. இதுவரை ‘இன்ப ரசாயன’க் கதைக்குப் பழுதில்லை. அடுத்து, பழரசம் வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும்படி செய்தார் ஷுல்ட்ஸ். விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்குக்குப் பழகிய பின் நடந்ததுதான் விசேஷம். செல்கள் விளக்கைப் பார்த்ததும் துடித்தன. ரசம் வந்தபோது ஒரு சலனமும் இல்லை. அதே ரசம், அதே நாக்கு, அதே இனிப்பு. ஆனால் மூளை அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு நாள் விளக்கை எரியவிட்டு ரசத்தைத் தராமல் ஏமாற்றினார்கள். எந்தக் கணத்தில் ரசம் வந்திருக்க வேண்டுமோ அந்தக் கணத்தில் செல்கள் சட்டென்று மௌனமாயின.

செல்கள் சொன்னது இன்பத்தை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்ததைவிட மேல் என்றால் துடிப்பு கூடுகிறது. சமம் என்றால் சும்மா இருக்கிறது. கீழே என்றால் அடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் குரங்கு தேவையில்லை. தீபாவளி போனஸ் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எதிர்பாராமல் வரும் போனஸுக்கு வீட்டில் ஸ்வீட் பாக்கெட் வரும். மூன்றாவது வருஷம் அதே தொகை வங்கியில் விழும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போனஸ் தேதியை அறிவிக்கும் நோட்டீஸ்தான் சந்தோஷம். ஐந்தாவது வருஷம் கம்பெனி போனஸ் இல்லை என்று சொல்லட்டும், வாசலில் கொடி கட்டிவிடுவார்கள். போனஸ் வராததால் யாருடைய சம்பளமும் குறையவில்லை. குறைந்தது எதிர்பார்ப்பு. அந்தக் குறைவைத்தான் மூளை தண்டனையாக எழுதிக்கொள்கிறது.

ஷுல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மாண்டேக் என்ற இரு கணக்குப் புலிகளும் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் மூலநூல் மாதிரி ஆகிவிட்டது. அதில் ஒரு தமாஷ் உண்டு. குரங்கின் செல்கள் போட்ட கணக்கு ஏற்கெனவே கம்ப்யூட்டர்காரர்கள் கையில் இருந்தது. மாசசூசெட்ஸில் ஆண்ட்ரூ பார்ட்டோவும் ரிச்சர்ட் சட்டனும் யந்திரம் தானாகக் கற்றுக்கொள்ள 1980-களிலேயே ஒரு சூத்திரம் போட்டிருந்தார்கள். எதிர்பார்ப்பில் எவ்வளவு பிசகினாய் என்று பார்த்து, அந்த அளவுக்கு உன்னைத் திருத்திக்கொள் என்பதுதான் சூத்திரம். அவர்கள் கம்ப்யூட்டருக்காக யோசித்ததைக் குரங்கின் நடுமூளை எத்தனையோ லட்சம் வருஷங்களாகச் செய்துகொண்டிருந்தது. ஷுல்ட்ஸுக்கும் டயனுக்கும் ரே டோலனுடன் சேர்த்து 2017-ல் ‘மூளைப் பரிசு’ கிடைத்தது. சட்டனுக்கும் பார்ட்டோவுக்கும் கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

தண்டனையிலும் இதே விதி என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. 1960-களின் கடைசியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியோன் காமின் எலிகளுக்கு ஒரு சத்தம் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று பழக்கினார். பிறகு அதே சத்தத்தோடு ஒரு விளக்கையும் சேர்த்து எரியவிட்டு அதே ஷாக் கொடுத்தார். பலமுறை. கடைசியில் விளக்கை மட்டும் எரியவிட்டபோது எலிகள் ஏறக்குறைய பயப்படவே இல்லை. இத்தனை முறை விளக்கும் ஷாக்கும் சேர்ந்து வந்தும் விளக்கைப் பற்றி எலிகள் எதுவும் கற்கவில்லை. சத்தமே ஷாக்கைச் சொல்லிவிட்டது. விளக்கில் புதிய செய்தி ஏதும் இல்லை. அடி வலிப்பதால் பாடம் ஏறுவதில்லை, எதிர்பாராத அடியாக இருந்தால்தான் ஏறுகிறது. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரையும் திட்டித் தீர்க்கும் வாத்தியாரின் வசவு ஏன் சுவரில் எறிந்த பந்தாகத் திரும்புகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் டோபமின் செல்களின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. நல்ல செய்தி வந்தால் நொடிக்கு ஐந்து துடிப்பு இருபதாகவும் அதற்கு மேலும் ஏறலாம். கெட்ட செய்தி வந்தால்? பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. ஏறுவதற்கு மாடி மாடியாக இடம், இறங்குவதற்கு இரண்டே படி. கெட்ட செய்திக்கென்று வேறு யாராவது இருக்க வேண்டும்.

இருந்தது. மூளையின் நடுவில் ஆழத்தில் ஹபெனுலா என்று ஒரு துணுக்குப் பகுதி உண்டு. லத்தீனில் ‘சிறு கடிவாளம்’ என்று அர்த்தம். பழங்கால உடற்கூறு நிபுணர்கள் அதன் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். 2007-ல் அமெரிக்கத் தேசியக் கண் ஆராய்ச்சி நிலையத்தில் மசாயுகி மட்சுமோட்டோவும் ஓக்கிஹிடே ஹிகோசாக்காவும் குரங்குகளின் ஹபெனுலாவில் ஒட்டுக்கேட்டார்கள். டோபமின் செல்களுக்கு நேர் எதிராக இருந்தது அதன் பேச்சு. பரிசு இல்லை என்று தெரிந்தால் துடித்தது. பரிசு உண்டு என்றால் அடங்கியது. அது துடித்த மறுகணம் டோபமின் செல்கள் வாயை மூடிக்கொண்டன. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் வேலைக்கும் பொருந்திவிட்டது.

இனி பார்க்கின்சன் நோயாளிகளிடம் திரும்பலாம். இந்த நோயில் சாவது இதே டோபமின் செல்கள்தான், குறிப்பாக நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு பட்டையில் உள்ளவை. கை நடுங்கத் தொடங்கும்போதே அதில் கணிசமான பகுதி போய்விட்டிருக்கும். சிகிச்சை, இல்லாத டோபமினை ஈடுகட்டுவது. அதற்கான தலையாய மருந்து லெவோடோபா. உடலுக்குள் போய் டோபமினாக மாறுவது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் அதை அதிக அளவில் கொடுத்துப் பலன் காட்டினார். இந்தச் சரக்கு இந்தியாவின் புதர்களில் ஏராளமாகக் கிடைக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைச் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்து 1937-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது அதனால் என்ன பயன் என்று உலகில் யாருக்கும் தெரியாது. டோபமின் மூளையில் தனி வேலை செய்கிறது என்று ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் காட்டி, அதற்காகப் பிற்பாடு நோபல் பரிசும் பெற, இன்னும் இருபது வருஷம் கழிய வேண்டியிருந்தது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃப்ராங்க், லாரன் சீபர்கர், ராண்டால் ஓ’ரெய்லி ஆகியோர் இந்த நோயாளிகளிடம் 2004-ல் நடத்திய சோதனை, இத்துறையிலேயே மிக எளிமையானவற்றில் ஒன்று. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு ஜப்பானிய எழுத்துகள் தோன்றும். அர்த்தம் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று திரை சொல்லும். சூட்சுமம் என்னவென்றால் திரை எப்போதும் ஒரே பதிலைச் சொல்லாது. ஒரு ஜோடியில் நல்ல எழுத்து நூற்றுக்கு 80 தடவை ‘சரி’, கெட்ட எழுத்து 20 தடவைதான். மற்ற ஜோடிகளில் வித்தியாசம் இன்னும் குறைவு. பலமுறை விளையாடிய பின் எல்லோருக்கும் ஒரு மாதிரி பிடிபட்டுவிடும்.

ஆனால் என்ன பிடிபட்டது? நல்லதைத் தேடக் கற்றார்களா, கெட்டதை விலக்கக் கற்றார்களா? ஒரு ஜோடிக்குள் இரண்டும் ஒரே விடையில் போய் முடியும் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே ஜோடிகளைக் கலைத்தார்கள். மிக நல்ல எழுத்தை நடுத்தரமான எழுத்துகளோடு சேர்த்துக் காட்டினார்கள். மிகக் கெட்ட எழுத்தையும் அப்படியே. முதல் வகையில் ஜெயிப்பவர் பரிசில் கற்றவர். இரண்டாவது வகையில் ஜெயிப்பவர் தண்டனையில் கற்றவர்.

மாத்திரை சாப்பிடாமல் வந்து உட்கார்ந்த நோயாளிகள் கெட்டதை விலக்குவதில் சூரர்கள். நல்லதைப் பொறுக்குவதில் பின்தங்கினார்கள். மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் அப்படியே தலைகீழ். நல்லதைச் சட்டென்று பொறுக்கினார்கள், கெட்டதை விலக்கத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இரு தரப்பும் பார்த்தது ஒரே திரை, வாங்கியது ஒரே ‘சரி’, ஒரே ‘தப்பு’. ஒரு வேளை மாத்திரை ஒருவருக்குத் தண்டனை என்ற ஆசிரியரை அழித்துப் பரிசு என்ற ஆசிரியரை அமர்த்திவிட்டது.

டோபமின் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ‘செய்’ என்கிறது, மற்றது ‘செய்யாதே’ என்கிறது. டோபமின் பொங்கும்போது ‘செய்’ பாதை உறுதிப்படுகிறது. டோபமின் வற்றும்போது ‘செய்யாதே’ பாதை உறுதிப்படுகிறது. நோயாளியின் மூளையில் டோபமின் எப்போதும் குறைச்சல். எனவே பொங்கல் இல்லை, ‘செய்யாதே’ மட்டும் நன்றாகக் கேட்கிறது. மாத்திரை போட்டால் எப்போதும் நிறைச்சல். குளத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிற்கும்போது வற்றுவது எப்படித் தெரியும்? தோல்வி வருகிறது, டோபமின் செல்கள் மௌனமாகின்றன, ஆனால் மாத்திரை அந்த மௌனத்தை மூடிவிடுகிறது. தோற்றது மனிதனுக்குத் தெரியும். மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

மேயோ கிளினிக்கின் 11 பேர் கதைக்கு இது முழு விளக்கம் இல்லை. அதே மாத்திரையை விழுங்கும் பெரும்பாலானவர்கள் சூதாடிகள் ஆவதில்லை. வயது, பழைய பழக்கம், குடும்ப வரலாறு எல்லாம் சேர்ந்துதான் விளையாடுகின்றன. ஆனால் இந்த மாத்திரையை எழுதிக்கொடுக்கும் டாக்டர், நோயாளியிடமும் வீட்டாரிடமும் ‘பணம் எப்படிச் செலவாகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்’ என்று சொல்லாமல் அனுப்புவது இன்று மன்னிக்க முடியாத அலட்சியம். கூச்சப்பட்டு யாரும் தானாகச் சொல்வதில்லை. ரம்மி ஆடிச் சேமிப்பைக் கரைத்த அப்பாவைப் பிள்ளைகள் திட்டுவார்களே தவிர, மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அதே சமயம் பயந்துபோய்த் தாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் வேலை.

மாத்திரை சாப்பிடாதவர்களுடைய மூளையிலும் இந்த மூடுவேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சூதாட்ட யந்திரத்தில் மூன்று படங்கள் ஒன்றாக வந்தால் ஜெயம். இரண்டு வந்து மூன்றாவது மயிரிழையில் நழுவினால்? அது தோல்வி, ஒன்றும் பொருந்தாத தோல்விக்குச் சமமான தோல்வி. 2009-ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் சகாக்களும் ஸ்கேனில் பார்த்தபோது, இந்த மயிரிழைத் தோல்வி ஜெயித்தபோது விழிக்கும் பகுதிகளை எழுப்பியது. விளையாடியவர்கள் அது மற்ற தோல்விகளைவிடக் கசப்பாக இருந்தது என்றார்கள். ஆனால் இன்னும் ஆடவேண்டும் என்ற ஆசை கூடியது என்றும் சொன்னார்கள். தோல்வியைக் ‘கிட்டத்தட்ட ஜெயம்’ என்று மூளையிடம் விற்கத் தெரிந்தால் கல்லா நிரம்பும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியபோது பேச்செல்லாம் கடனையும் தற்கொலைகளையும் பற்றியே இருந்தது. நியாயம்தான். ஆனால் பிரச்னையின் வேர், தோற்பவனுக்குத் தோல்வி போய்ச் சேரவிடாத வடிவமைப்பில் இருக்கிறது.

நோயும் இல்லை, சூதும் இல்லை என்றாலும் எல்லா மூளையும் ஒரே மாதிரி இல்லை. தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தால், ‘தப்பு’ என்று திரையில் தெரிந்த கால் விநாடிக்குள் நெற்றிக்குப் பின்னே ஓர் அலை எழுவது தெரியும். மனசு ‘அடடா’ என்று சொல்லி முடிப்பதற்குள் மூளை சொல்லிவிடுகிறது. தப்பான பொத்தானை அழுத்தும்போதும் இதே குடும்பத்து அலை ஒன்று எழும். ஃப்ராங்க் 2005-ல் அதே ஜப்பானிய எழுத்துகளை ஆரோக்கியமானவர்களிடம் காட்டினார். தண்டனையில் நன்றாகக் கற்பவர்களுக்கு இந்தப் பிழை அலை பெரிதாக இருந்தது. பரிசில் கற்பவர்களுக்குச் சிறிதாக இருந்தது. ஒரே வீட்டில் ஒரே வசவைக் கேட்டு வளரும் அண்ணனும் தம்பியும் இரண்டு விதமாக ஆவதற்குப் பெற்றோர் கிரகங்களைக் குற்றம் சொல்வதுண்டு. கால் விநாடி அலையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஹாலந்தில் எவலீன் க்ரோனும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 8-9 வயதுக் குழந்தைகள், 11-13 வயதினர், 18-25 வயதினர் என்று மூன்று கோஷ்டிகளுக்கு ஒரே புதிரைக் கொடுத்து ஸ்கேன் செய்தார்கள். ‘சரி’, ‘தப்பு’ என்ற பதிலை வைத்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்களின் மூளையில் யோசித்துத் திட்டமிடும் பகுதிகள் ‘தப்பு’ என்ற பதிலுக்குத்தான் அதிகம் விழித்தன. சின்னக் குழந்தைகளுக்கு நேர் எதிர்: அந்தப் பகுதிகள் ‘சரி’ என்ற பதிலுக்கு விழித்தன. ‘தப்பு’ என்று கேட்ட பிறகுதான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். நடு வயதினர் நடுவில் நின்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. ‘சரி’ என்பது சின்னச் செய்தி: செய்ததையே திரும்பச் செய். ‘தப்பு’ என்பது பெரிய வேலை. இது தப்பு என்றால் எது சரி, எங்கே பிசகியது, அடுத்து எதை மாற்றுவது என்று மூன்று கேள்விகளைக் கிளப்பிவிடுகிறது. எட்டு வயதில் அந்த வேலைக்கு மூளை இன்னும் தயாராகவில்லை. மூன்றாம் வகுப்பு நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் போடும் பெருக்கல் குறி, வாத்தியாருக்கு ஒரு பக்கச் செய்தி. குழந்தைக்கு அது வெறும் சிவப்பு மை.

பிரம்பு இன்னும் மோசம். 2006-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் நடந்த ஒரு சோதனை, பணத்தை இழக்கவிருந்தவர் தப்பித்தால் மூளையில் பரிசு கிடைத்தபோது விழிக்கும் பகுதியே விழிக்கிறது என்று காட்டியது. தண்டனையிலிருந்து தப்பிப்பதும் ஒரு பரிசு. அடிக்குப் பயந்த பையனுக்குத் தப்பிக்கும் வழி இரண்டு: பாடத்தைப் படிப்பது, அல்லது மார்க் ஷீட்டைப் பரணில் ஒளித்துவைப்பது. இரண்டுக்கும் பரிசு ஒன்றே. எது சுலபம் என்று எந்தப் பையனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன் 17-ஆவது பிரிவு குழந்தைகளை அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு முன்பே, 2000-ல், டில்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளில் அடிக்க இடம் தந்த விதியை ரத்து செய்தது. ஆனால் சட்டம் படித்த ஆசிரியர்களும் அடிப்பதில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அடியாத மாடு படியாது என்பார்கள். டில்லியில், உதைக்கு அடங்கும் பேய் பேச்சுக்கு அடங்காது என்று இந்தியில் சொல்வார்கள். மொழிகள் எதிலும் ஒத்துப்போகாத தேசம் இதில் மட்டும் ஒற்றுமையாக இருப்பது ஏன்?

காரணம் ஆசிரியர்களின் கொடூர மனம் அல்ல. அவர்களும் பரிசு, தண்டனை விதிப்படியே கற்றவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்தான் பொய்ப் பதில். இதைக் கண்டுபிடித்தவர் டேனியல் கானமன். 2002-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பெற்ற மனோதத்துவ நிபுணர், 2024-ல் காலமானார். 1960-களில் அவர் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். திறமையை வளர்ப்பது பாராட்டு, தண்டனை அல்ல என்று விளக்கினார். அனுபவசாலியான ஒரு பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். பலமுறை பார்த்தாகிவிட்டது, விமானத்தை அழகாகச் சுழற்றிய பையனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், சொதப்பியவனைக் கத்தினால் அடுத்த தடவை நன்றாகச் செய்கிறான் என்பது அவர் வாதம்.

பயிற்சியாளர் பார்த்தது உண்மை. காரணம்தான் வேறு. வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்தவன் அடுத்த முறை தன் வழக்கமான அளவுக்குத் திரும்புவான்; பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும். வழக்கத்தைவிட மட்டமாகச் செய்தவனும் அப்படியே மேலே வருவான், கத்தினாலும் கத்தாவிட்டாலும். பாராட்டு வருவது உச்சத்தில், கத்தல் வருவது பாதாளத்தில் என்பதால், பாராட்டியவருக்கு அடுத்த கணம் ஏமாற்றம் கிடைக்கிறது, கத்தியவருக்கு வெகுமதி கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், மாணவன் எதைக் கற்கிறானோ தெரியாது, ஆசிரியரின் டோபமின் செல்கள் பிரம்பைக் கற்றுக்கொண்டுவிடும்.

கானமன் அங்கேயே ஒரு செய்முறை காட்டினார். தரையில் ஒரு குறி. பயிற்சியாளர்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று ஆளுக்கு இரண்டு நாணயங்களைப் பின்னால் எறிய வேண்டும். குறியிலிருந்து தூரத்தை அளந்தார்கள். யாரும் யாரையும் பாராட்டவில்லை, யாரும் கத்தவில்லை. முதல் எறியில் குறிக்கு அருகே போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் தள்ளிப் போட்டார்கள். முதலில் தள்ளிப் போட்டவர்கள் அருகே போட்டார்கள். அளவுகளைக் கரும்பலகையில் எழுதியும் காட்டியாயிற்று. ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் கத்திப் பலன் கண்டவர்களை இரண்டு நாணயங்கள் மாற்றிவிடாது என்று கானமனுக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு தன் வரலாற்றை எழுதியபோது அதையும் எழுதிவைத்தார்.